தேன்மொழியின் இரண்டாவது சாவி

1. கவுண்டரில் வந்த கேள்வி

"என் வண்டியை நானே வித்துட்டு, திருடு போச்சுன்னு நாடகம் ஆடுறேன்னு ரிப்போர்ட் வந்திருக்காமே மேடம். அதை ஒரு தடவை நான் படிக்கணும்."

காலை பத்தரை மணி. தஞ்சாவூரில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கோட்ட அலுவலகத்தில், மோட்டார் கிளெய்ம் பிரிவில் நான் அதிகாரியாக இருந்தேன். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அன்றைய தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் பெயர் தேன்மொழி. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம். சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்து, ஆள் போடாமல் தானே ஓட்டிக்கொண்டிருந்தவர். கல்யாண மண்டபங்களுக்கு வாழைமரம், இலைக்கட்டு ஏற்றுவார். அறுவடை சமயத்தில் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை. கணவர் செந்தில் கத்தாரில் கிரேன் ஆபரேட்டர்.

"அது ஆபீஸ் காகிதம்மா. வெளியில காட்டக் கூடாது," என்றேன்.

"ஊர்ல இலை அறுக்கிறவங்க வரைக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் காட்டக் கூடாதா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. கிளெய்ம் பிரிவில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தவளுக்கு அழுகை பழகிப்போயிருக்கும், கோபமும் பழகியிருக்கும். இவர் இரண்டும் இல்லாமல் நின்றது எனக்குச் சங்கடமாக இருந்தது. "ஒரு வாரம் டைம் குடுங்க, நான் பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பழக்கத்தில் வரும் பதில்தான். ஆனால் அவர் போன பிறகு பீரோவிலிருந்து அந்த ஃபைலை எடுத்தேன்.

2. ஃபைலில் இருந்தது

தை மாதம், ஒரு முகூர்த்த நாள். மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மத்தியானப் பந்திக்கான இலையை இறக்கிவிட்டு, மண்டபத்தை ஒட்டிய தெருவில் வண்டியை நிறுத்திப் பூட்டியிருக்கிறார் தேன்மொழி. பெண் வீட்டார் தெரிந்தவர்கள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். பதினொரு மணிக்கு முதல் பந்தி. பதினொன்று நாற்பதுக்கு வெளியே வந்து பார்த்தால் வண்டி இல்லை. சாவி அவருடைய கைப்பையிலேயே இருக்கிறது.

அன்றே போலீசுக்குப் போனார். அன்றே எங்களுக்கும் போன் செய்தார். எஃப்.ஐ.ஆர். இருந்தது. பிறகு, தேடியும் கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்றிதழும் வந்தது. வண்டியின் இரண்டு சாவிகளையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். திருட்டு கிளெய்மில் சாவிதான் உயிர். வண்டி வாங்கும்போது இரண்டு சாவி கொடுப்பார்கள். திருடு போனால் இரண்டும் எங்கள் கைக்கு வரவேண்டும். ஒன்று குறைந்தால், அந்த ஒன்றைக் கொடுத்து வண்டியை அனுப்பிவிட்டார்களோ என்ற சந்தேகம் வரும். அதிலும் இது இம்மொபிலைசர் உள்ள வண்டி. சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் அந்தச் சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். வெறுமனே அதே மாதிரி சாவியை அறுத்துப் போட்டால் கதவு திறக்கலாம், வண்டி கிளம்பாது. இது போதாதென்று தேன்மொழி ஜி.பி.எஸ். கருவியும் மாட்டியிருந்தார்.

எங்களுக்காக விசாரித்தவர் துரைராஜ் சார். ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். கறாரானவர், கை சுத்தமானவர். அவர் மூன்று விஷயம் எழுதியிருந்தார். பதிவு செய்யப்பட்ட சாவி இல்லாமல் இன்ஜினை இயக்கவே முடியாது என்று வண்டிக் கம்பெனி கடிதம் கொடுத்திருக்கிறது. ஒப்படைத்த இரண்டு சாவியில் ஒன்று கம்பெனி சாவி அல்ல என்று சாவி நிபுணர் சொல்கிறார். ஆனால் இரண்டும் ஒரிஜினல் என்று தேன்மொழி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஜி.பி.எஸ். கருவி, வண்டி நின்ற தெருவிலேயே செத்துப்போயிருக்கிறது. அது எங்கே மாட்டியிருக்கிறது என்பது உரிமையாளருக்குத்தான் தெரியும்.

முடிவாக எழுதியிருந்தார்: "ஒரிஜினல் இரண்டாவது சாவி வேறொருவரிடம் கொடுக்கப்பட்டு, உரிமையாளரின் சம்மதத்துடன் வாகனம் அப்புறப்படுத்தப்பட்டுள்ளது."

படித்தால் குறை சொல்ல முடியாது. ஒன்றோடொன்று பொருந்தியது. நான் 'நிராகரிக்கலாம்' என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பினால் மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

எழுதாததற்குக் காரணம் தேன்மொழி அல்ல. பல வருடம் முன்பு ஒரு பைக் கிளெய்ம் என்னிடம் வந்தது. வண்டியை பேங்க் வாசலில் நிறுத்தியதாக அந்த மனிதர் எழுதியிருந்தார். விசாரித்ததில் பேங்க் வாசலில் அன்று அந்த பைக் நிற்கவே இல்லை. பொய் என்று தெரிந்ததும் மூடிவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து போலீஸ் ஒரு திருடனைப் பிடித்தது. அவன் அந்த பைக்கை ஒரு மதுக்கடை வாசலில் எடுத்ததாகச் சொன்னான். மனைவிக்குத் தெரியக் கூடாது என்று அந்த மனிதர் இடத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அவர் என்னிடம் வந்து சண்டை போடவில்லை. போலீஸ் கொடுத்த காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நான் திருவையாற்றுக்கு பஸ் ஏறினேன்.

3. பொய்

வீட்டு வாசலில் வண்டி நிற்கும் இடம் காலியாக இருந்தது. டயர் பதிந்த இரண்டு தடம் மட்டும் மழையில் கரையாமல் இருந்தது. தேன்மொழி என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வண்டி போனதிலிருந்து பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதாகச் சொன்னார். வாடிக்கை மண்டபங்களில் பாதி, வேறு ஆளுக்குப் போய்விட்டது. "காலைல அஞ்சு மணிக்கு இலை இறங்கணும்னா அஞ்சு மணிக்கு இறங்கணும் மேடம். நம்ம கஷ்டத்தைக் கேட்டுக்கிட்டு பந்தி நிக்காது" என்றார்.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"ரெண்டு சாவியும் ஷோரூம்ல குடுத்ததுதானாம்மா?"

"ஆமாங்க. ரெண்டும் அவங்க குடுத்ததுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதுதான் எழுதிக் குடுத்திருக்கேனே மேடம்."

கண்ணைப் பார்த்துதான் சொன்னார். ஆனால் அதுவரை சரளமாக வந்த பேச்சு அந்த ஒரு இடத்தில் மட்டும் மனப்பாடம் செய்தது போல இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தவளிடமும் இப்படியா என்று. எழுந்து பையை எடுத்தேன். வாசல் வரை போய்விட்டேன்.

"தேன்மொழி, அந்த ரெண்டாவது சாவி கம்பெனி சாவி இல்லன்னு சாவி நிபுணர் சொல்லிட்டாரு. ஃபைல் நிக்கிறதே அதுலதான். நான் இப்பப் போனேன்னா திரும்ப வரமாட்டேன். அந்தப் பதிலை உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாவி ஆத்துல போயிடுச்சு மேடம்."

செந்தில் லீவில் வந்திருந்தபோது, ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் குளித்திருக்கிறார். கால்சட்டைப் பையில் இருந்த சாவி தண்ணீரோடு போய்விட்டது. காவிரியில் அன்று இரு கரையும் தொட்டுத் தண்ணீர். தேட வழியில்லை. ஷோரூமில் கேட்டால் புதுச் சாவி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அவர் லீவு முடிவதற்குள் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று தஞ்சாவூரில் ஒரு சாவிக் கடையில் போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

"இதைச் சொல்றதுல என்னம்மா தப்பு? சாவி தொலையறது குத்தமா?"

"நான் சொல்லத்தான் இருந்தேன். ஏஜென்ட்டுதான், ரெண்டும் ஒரிஜினல் இல்லன்னா கிளெய்மே கிடையாது, ரெண்டும் ஷோரூம் சாவின்னு எழுதிக் குடுத்துடுன்னாரு. ஃபாரத்தை நிரப்பினதே அவர்தான். நான் கையெழுத்துப் போட்டேன்."

"ஏஜென்ட் யாரு?"

"எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா. கலியபெருமாள்."

எனக்கு அவரைத் தெரியும். இருபது வருடமாக எங்கள் அலுவலகத்துக்கு பாலிசி பிடித்துக் கொடுக்கும் மனிதர். தீபாவளிக்கு எல்லா மேஜைக்கும் ஒரு சின்ன இனிப்புப் பெட்டி வைத்துவிட்டுப் போவார்.

4. பாஸ்கரின் மேஜை

சாவிக் கடை தஞ்சாவூர் பழைய பஸ் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் இருந்தது. ஆறடிக்கு ஆறடிக் கடை. கடைக்காரர் பெயர் பாஸ்கர். நான் யாரென்று சொன்னதும் முகம் மாறியது. தேன்மொழி கொடுத்த இரண்டாவது சாவியின் போட்டோவை மேஜையில் வைத்தேன்.

"இது நான் போட்டதுதான்," என்றார். பிறகு, கேட்காமலேயே ஒரு நீள நோட்டை எடுத்து விரித்தார். அவரிடம் சாவி போட வருபவர்களின் பெயர், வண்டி நம்பர், ஆர்.சி. நகல், கையெழுத்து எல்லாம் அதில் இருந்தது. செந்திலின் கையெழுத்து ஆடி மாதத்தில் இருந்தது. திருட்டு நடந்தது தை மாதம்.

"வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாதான் போடுவேன் மேடம். ஆர்.சி. இல்லாம, ஆள் இல்லாம போடமாட்டேன். இந்த நோட்டுதான் எனக்குப் பாதுகாப்பு."

"இந்தச் சாவில வண்டி ஸ்டார்ட் ஆகுமா?"

அவர் சிரித்துவிட்டார். "ஸ்டார்ட் ஆகாத சாவியை எதுக்கு மேடம் போடுறது?"

நான் கம்பெனிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பதிவு செய்த சாவி இல்லாமல் முடியாது என்று எழுதியிருக்கிறார்களே என்றேன்.

"அது பொய் இல்ல. பதிவு செஞ்ச சாவிதான் வேணும். ஆனா பதிவு செய்யறது அவங்களால மட்டும்தான் முடியும்னு அந்தக் காகிதத்துல இருக்கா, பாருங்க."

பையிலிருந்து நகலை எடுத்து மறுபடி படித்தேன். இல்லை. துரைராஜ் சாரும் நானும் அந்த வரியை அப்படி வாசித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

பாஸ்கர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் காட்டினார். பெரிய செல்போன் அளவு. "இதை வச்சுதான் புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்துறது. என்னை மாதிரி ஆளுங்க நிறைய பேர்கிட்ட இருக்கு. நல்லவன்கிட்டயும் இருக்கும், கெட்டவன்கிட்டயும் இருக்கும். கைப்பழக்கம் இருக்கறவனுக்கு டீ குடிக்கிற நேரம்தான்."

ஜி.பி.எஸ். பற்றியும் கேட்டேன். கடை வாசலில் அதே மாதிரி ஒரு லோடு வண்டி நின்றிருந்தது. பாஸ்கர் அதன் டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கதவைத் திறந்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் விட்டார். இரண்டு மூச்சு நேரத்தில் ஒரு கறுப்புப் பெட்டியின் ஒயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

"எல்லாரும் இங்கதான் மாட்டுறாங்க. உரிமையாளருக்குத்தான் தெரியும்னு யார் மேடம் சொன்னது? முக்கால்வாசி உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது."

அங்கேயே நின்று யோசித்தேன். தேன்மொழி கெட்டது இந்த இரண்டாவது சாவியால். ஆனால் இந்தச் சாவியே ஒரு சாட்சி. ஷோரூமுக்கு வெளியே, ஆறடிக் கடையில் போட்ட சாவி அந்த வண்டியை ஆறு மாதம் ஓட்டியிருக்கிறது. அப்படியென்றால் மூன்றாவது சாவி ஒன்றை யார் வேண்டுமானாலும் போட்டிருக்க முடியும்.

முடியும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. மேனேஜர் அதைத்தான் கேட்பார்.

5. ஆல்பம் டெலிவரி ஆகாத கல்யாணம்

தேன்மொழிக்குப் போன் செய்து அந்த நாளை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். தெருவில் சிசிடிவி இருந்ததா என்றால், எதிர்க்கடையில் ஒன்று இருந்ததாம், பதிவு பத்து நாளில் அழிந்துவிடுமாம். இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது. பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தது என்று கேட்டேன்.

"யாருன்னு பாக்கல மேடம். வீடியோக்காரர் மூஞ்சிக்கு நேரா லைட்டைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. சாப்பிடவே கூச்சமா இருந்துது."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

பெண்ணின் அப்பாவிடமிருந்து அந்த ஸ்டூடியோவின் நம்பரை வாங்கினேன். துரைராஜ் சாரைக் கூப்பிட்டேன். அவருக்கு விருப்பமில்லை.

"நான் விசாரிச்சு முடிச்ச கேஸ்ம்மா அது."

"தெரியும் சார். நான் தப்புன்னா நீங்கதான் அங்கேயே சொல்லணும். அதுக்காகத்தான் கூப்பிடுறேன்."

"காலைல ஏழரை பஸ்ஸா?" என்றார்.

மயிலாடுதுறையில் ஒரு மாடி அறைதான் ஸ்டூடியோ. சரவணன் என்பவர் நடத்தினார். மூன்று மாதத்துக்கு முந்தைய கல்யாணம் என்றதும் பெருமூச்சு விட்டார்.

"அந்த வீட்டு ஆல்பமா. போட்டோ செலக்ட் பண்ணித் தாங்கன்னு நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன், பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒத்துப் போகல. டெலிவரி ஆயிருந்தா எப்பவோ டிஸ்கைக் காலி பண்ணியிருப்பேன்."

அந்தக் கல்யாணத்துக்கு அவர் மூன்று கேமரா வைத்திருந்தார். ஒன்று மேடையில். ஒன்று கையில் எடுத்துக்கொண்டு பந்திக்கும் கூட்டத்துக்கும் போவது. மூன்றாவது, வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியது. வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பதையும் கற்கண்டு கொடுப்பதையும் காலையிலிருந்து விடாமல் பதிவு செய்த கேமரா. அதைத் திறக்கச் சொன்னேன்.

வாசலில் இரண்டு பெண்கள் தட்டோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வாழைமரம் கட்டிய வளைவு. அதற்கும் பின்னால் தெரு. தெருவில் ஒரு வெள்ளை லோடு வண்டியின் முன்பாதி.

பத்து நாற்பத்தெட்டுக்குத் தேன்மொழி அதிலிருந்து இறங்கினார். கதவைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார், மண்டபத்துக்குள் வந்தார். கற்கண்டு எடுத்துக்கொண்டார்.

பதினொன்று நான்குக்கு நீலச் சட்டை போட்ட ஒருவன் தோளில் பையோடு வந்தான். அவனோடு வந்த இன்னொருவன் வண்டிக்கு முன்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். நீலச் சட்டை, கதவோடு கொஞ்ச நேரம் போராடி உள்ளே போனான். போனவன் உட்காரவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிட்டான். முதுகு மட்டும் தெரிந்தது.

நடுவில் ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. வெளியே நின்றவனிடம் ஏதோ கேட்டார்கள். அவன் பணிவாகக் கையை நீட்டி மண்டபத்து வாசலைக் காட்டினான். அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

பதினொன்று பதினைந்துக்கு வண்டியின் முன்விளக்கு ஒரு தடவை மின்னி அணைந்தது. நின்றவன் ஏறிக்கொண்டான். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

துரைராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரும்பப் போடுங்க தம்பி" என்றார். மறுபடியும் பார்த்தார். மூன்றாவது தடவை அவரே நேரத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

"வந்ததுலேருந்து கிளம்ப அவனுக்குப் பதினோரு நிமிஷம் ஆயிருக்கு. கையில ஒரிஜினல் சாவி இருந்தா பதினோரு செகண்டு போதும்."

பந்திக் கேமராவையும் பார்த்தோம். பதினொன்று ஒன்பதுக்குத் தேன்மொழி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. லைட் பட்டதும் இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் குத்தாலம் தாண்டியதும் துரைராஜ் சார் நேரம் குறித்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு சொன்னார்: "நான் அந்தப் பொண்ணோட ஊருல பத்து பேரை விசாரிச்சேன். மண்டபத்துல ஒருத்தரையும் விசாரிக்கல. அடிஷனல் ரிப்போர்ட் நானே எழுதித் தரேன். என் பேர்லயே இருக்கட்டும்."

6. இரண்டு கடிதங்கள்

எங்கள் மேனேஜர் கோபாலன் சார் கெட்டவர் அல்ல. ஆடிட்டுக்குப் பயப்படுபவர். வீடியோவை முழுக்கப் பார்த்தார். தேன்மொழியையும் வரச் சொல்லியிருந்தோம், வண்டியை அடையாளம் காட்டுவதற்காக. அவர் தன் வண்டி போவதைத் திரையில் பார்த்தார். பக்கத்தில் பந்திப் பதிவையும் ஓட்டினோம்.

"அந்த நேரத்துல பாயசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேட்டிருக்கேன் பாருங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு மேனேஜர் என்னிடம் கேட்டார். "வசந்தி, சாவி விஷயத்துல அந்தம்மா பொய் சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க சார்."

"பாலிசி கண்டிஷன்படி நிராகரிக்க அது ஒண்ணே போதும். நாளைக்கு ஆடிட்ல என்னைத்தான் கேட்பான்."

"போதும் சார். ஆனா அந்தப் பொய்யை எழுதினது நம்ம ஏஜென்ட். நம்ம ஃபாரத்துல, நம்ம பேரைச் சொல்லி எழுதியிருக்காரு. நிராகரிச்சா இந்தம்மா நுகர்வோர் ஆணையத்துக்குப் போவாங்க. இந்த வீடியோ அங்க வரும். சாவியைப் பத்தி ஏன் பொய் சொன்னீங்கன்னு கேட்பாங்க. ஏஜென்ட் பேரும் அங்கதான் வரும்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எழுத்துல இருக்கா? ஏஜென்ட் சொன்னார்னு அந்தம்மா எழுதித் தருவாங்களா? தந்தா ரீஜனல் ஆபீசுக்கு அனுப்புறேன்."

வெளியே வந்து தேன்மொழியிடம் சொன்னேன். வீடியோவைப் பார்த்துக்கூடக் கலங்காதவர் இதற்குக் கலங்கினார்.

"சித்தப்பா பேரை எழுதணுமா மேடம்? எங்க கல்யாணத்தை முன்ன நின்னு நடத்தினவரு. எங்க வீட்டுக்காரர் வெளிநாடு போகறப்ப இவளுக்கு நான் இருக்கேன்னு சொல்லி அனுப்பினவரு. கெடுதல் நினைச்சு அவர் சொல்லலையே."

"நினைக்கல. ஆனா சொல்லியிருக்காரு. எழுதணுமா வேண்டாமான்னு நான் சொல்ல முடியாது. எழுதலன்னா இதுக்கு மேல ஃபைல் நகராது, அது மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

ஒரு நாள் கேட்டார். கொடுத்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார். தனியாக வரவில்லை. பின்னால் கலியபெருமாள். எப்போதும் நேராக மேஜைக்கு வந்து உட்காருபவர், அன்று வாசல் பக்கமே நின்றார்.

"நேத்து வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லுச்சு மேடம்," என்றார். "என்கிட்டே கேட்காம எழுத மாட்டேன்னுடுச்சு. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. இந்தப் பொண்ணு எழுத வேண்டாம். நானே எழுதித் தரேன். ஃபாரத்தை நிரப்பினது நான், சொல்லச் சொன்னது நான். அந்த மாதிரி சொன்னாத்தான் பாஸ் ஆகும்னு நினைச்சுட்டேன். எத்தனையோ பேருக்கு அப்படித்தான் நிரப்பியிருக்கேன்."

தேன்மொழி அவரிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

"உங்களோடதை நீங்க எழுதுங்க சித்தப்பா. கையெழுத்துப் போட்டது நான். என்னோடதை நான்தான் எழுதணும்."

இரண்டு பேரும் என் மேஜையின் இரண்டு ஓரத்தில் குனிந்து எழுதினார்கள். தேன்மொழியின் கடிதம் ஐந்தாறு வரிதான். அதில் இரண்டு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "சாவி விஷயத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் பொய். வண்டி திருடு போனது உண்மை."

7. முடிந்த விதம்

ரீஜனல் ஆபீஸ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் நான்கு கேள்வி கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்பினார்கள். பதில் எழுதினேன். மறுபடி இரண்டு கேள்வி. சாவிக் கடை நோட்டின் நகல், வீடியோ, துரைராஜ் சாரின் இரண்டாவது ரிப்போர்ட், கம்பெனிக் கடிதத்தில் இல்லாத வரி எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அடையாளம் வைத்து, நானே எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி வயதில் என்னைவிடச் சிறியவர். "ஒரு லோடு வண்டிக்கு இவ்வளவு அலைச்சலா மேடம்?" என்றார். "பொய் சொன்னவங்க கிளெய்ம் சார். அதுக்குத்தான் அலைச்சல் அதிகம்" என்றேன்.

கடைசியில் கிளெய்ம் பாஸ் ஆனது. தவறான வாக்குமூலத்துக்காக ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. தேன்மொழிக்கும் அப்படித்தான் பட்டது என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலியபெருமாளுக்கு நோட்டீஸ் போனது. சில மாதம் அவர் ஏஜென்சியை நிறுத்தி வைத்தார்கள்.

வண்டி இன்று வரை கிடைக்கவில்லை. நீலச் சட்டைக்காரன் யாரென்றும் தெரியாது. தேன்மொழி பழைய வண்டி ஒன்று வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். ஊர்வாய் உடனே அடங்கவில்லை. ஒரு கல்யாணத்தில் யாரோ, "கம்பெனியை ஏமாத்தி வாங்கினவ" என்று அவர் காதுபடச் சொன்னார்களாம். போனை எடுத்து, ஸ்டூடியோவில் கேட்டு வாங்கி வைத்திருந்த வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு இலையை இறக்கப் போனாராம். இதை அவரே எனக்குப் போன் செய்து சொன்னார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். சாவியின் சிப்பைப் படிக்கத் தெரியும், ஜி.பி.எஸ். பதிவைப் படிக்கத் தெரியும். பொய்யை என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பூட்டு எவ்வளவு நல்லது என்று அதைச் செய்தவன் எழுதிக் கொடுத்த காகிதத்தை வைத்து, பூட்டியவரைத் திருடி என்று எழுதாதீர்கள். பொய் ஒன்று கையில் கிடைத்ததும் ஃபைலை மூடாதீர்கள். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தப் பொய்யை இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சில சமயம் அந்த ஆள், நம் அலுவலகத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.